டெக்கிலிருந்து கதவுக்கு

எண்பதுகளில் அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வாங்கியவருக்கு வண்டியோடு பாட்டு வராது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஸ்டாண்டர்டு மாடலும் அப்படித்தான். பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு அடுத்த வேலை ஸ்டீரியோ. சென்னைக்காரர் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு வண்டியை விடுவார். கொஞ்சம் தாராளமாகச் செலவழிப்பவர் பர்மா பஜாரில் ஒரு 'பாரின் செட்' வாங்கிக்கொண்டு, மாட்ட மட்டும் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போவார்.

கையிலிருக்கும் காசில் முக்கால்வாசி கேசட் டெக்குக்கே போய்விடும். ஆட்டோ ரிவர்ஸ் உண்டா, ஈக்வலைசர் உண்டா, இருட்டில் பச்சை விளக்கு எரியுமா? கேள்வியெல்லாம் இவ்வளவுதான். மிச்சக் காசில் ஸ்பீக்கர். அதைப் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில், முட்டை வடிவில், ஆறுக்கு ஒன்பது அங்குலமாக, இரண்டு ஓட்டை போட்டு இறக்குவார்கள். வெளியே நிற்பவர் கண்ணில் படும் இடம் அதுதான். பாட்டு முதுகுப் பக்கமிருந்து வருகிறதே என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடமோ தொண்ணூறோ பதிந்து வாங்கிய கேசட்டுகள் டேஷ்போர்டு வெயிலில் கிடந்து வளையும். டேப் சிக்கினால் பால்பாயிண்ட் பேனா. ஹெட்டில் அழுக்கேறினால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. இதற்கெல்லாம் ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. திண்டிவனம் தாண்டும்போது இழுவையாகப் பாடத் தொடங்கும் கேசட்டை ரசிக்கப் பொறுமை வேண்டும்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. டெக்கின் முகம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று அளவு நிலைபெற்றபின், எந்தக் கம்பெனி செட்டும் எந்தக் காரிலும் உட்கார்ந்தது. சலித்தால் கழற்றி விற்றுவிட்டு வேறு போடலாம். திருட்டுப் பயத்தில் முகப்பை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள் எத்தனை பேர்!

இன்றைய காரில் டெக் உட்கார்ந்த அந்த ஓட்டையே பல மாடல்களில் இல்லை. ஏழு அங்குலமோ ஒன்பதோ, திரை டேஷ்போர்டோடு ஒட்டிப் பிறக்கிறது. ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரிங் பட்டன்கள், சில வண்டிகளில் ஏசி செட்டிங் வரை அதன் வழியாகத்தான் போகின்றன. கழற்றினால் பாட்டோடு வேறு நாலு வேலையும் நிற்கும். வயரை வெட்டினால் வாரண்டி விஷயத்தில் சர்வீஸ் சென்டரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இருந்தும் பட்ஜெட் கையில் வந்ததும் நம்மவர் முதலில் கேட்பது பெரிய ஆண்ட்ராய்டு திரையைத்தான். டெக் மோகம் திரை மோகமாகியிருக்கிறது, அவ்வளவே.

அந்தத் திரைப் பெட்டியில் '50 வாட் x 4' என்று அச்சடித்திருக்கும். அன்றைய டெக்கிலும் இதே பெருமை உண்டு. இந்த இடத்தில் மட்டும் காலம் மாறவே இல்லை. கார் பேட்டரி அன்றும் 12 வோல்ட், இன்றும் 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது பதினான்கு சொச்சம். அதை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண செட் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 20 வாட்தான். ஐம்பது என்பது நொடியின் துணுக்கில் தொட்டு விழும் உச்சம். காரோடு வரும் கம்பெனி செட்டும் ஏறக்குறைய இதே சக்திதான். ஆக, இருபதாயிரம் கொடுத்துத் திரையை மாற்றினால் படம் பெரிதாகும், பாட்டு அதேதான்.

காசு போக வேண்டிய இடம் கதவு. டோர் பேடைக் கழற்றினால் தெரியும்: லேசான காகிதக் கூம்பு, பிளாஸ்டிக் சட்டம், சின்னஞ்சிறு காந்தம். எடையும் விலையும் குறைய வேண்டும் என்று கம்பெனி போட்ட கணக்கு அது. அதை எடுத்துவிட்டு, தெரிந்த பிராண்டில் ஆறரை அங்குல கோஆக்ஸியல் ஜோடி போட மூவாயிரம் நாலாயிரத்திலிருந்தே கிடைக்கிறது. அட்டையில் வாட்ஸைப் பார்க்காமல் சென்சிடிவிட்டி எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 3 டெசிபல் கூடினால் ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். செலவில்லாமல் கிடைக்கும் சக்தி அது. இன்னும் கொஞ்சம் இருந்தால், ட்வீட்டர் தனியாக வரும் கம்போனென்ட் செட் வாங்கி முன் கதவில் மட்டும் போடலாம். பாட்டு கண்ணெதிரே நிற்கும்.

அடுத்தது, கடைக்காரர் சொன்னாலும் பலர் வேண்டாம் என்று தள்ளும் டாம்பிங் ஷீட். கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி. உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகளை விட்டுவிட்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவது, பொத்தல் விழுந்த கடத்தில் வாசிப்பது போல. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட்டை வெளித்தகட்டின் உட்பக்கம் ஒட்டி ரோலரால் அழுத்துவார்கள். பிறகு உள்தகட்டின் ஓட்டைகளை மூடுவார்கள். வேலை முடிந்து கதவைச் சாத்தினாலே சத்தம் மாறியிருக்கும். டங் என்ற தகரச் சத்தம் போய், டப் என்று அடங்கும். பேஸ் கூடும், ரோட்டு இரைச்சல் குறையும். ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கரைத் தூக்கிவைக்கும் வளையம் எம்.டி.எஃப் பலகையில் வேண்டாம். மழையில் கண்ணாடி வழியே தண்ணீர் கதவுக்குள் இறங்கும். பலகை ஊறி உப்பும். பிளாஸ்டிக் வளையம் கேளுங்கள்.

பழைய ஆள் ஒருவர் வேலை செய்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் செல்லை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொடுவார். கூம்பு வெளியே துள்ளினால் பிளஸ் மைனஸ் சரி. உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. ஒரு கதவு சரியாகவும் ஒரு கதவு மாறியும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போகும். கேசட் காலத்திலிருந்து வரும் வித்தை இது. கப்ளரோடு கப்ளர் சொருகும் இன்றைய வேலையிலும் உதவுகிறது.

இதற்குப் பிறகும் டிக்கியை அடைக்கும் ஊஃபர் தேவைப்பட்டால் அது ஆசை. சீட்டுக்கு அடியில் நுழையும், ஆம்ப் உள்ளேயே உள்ள சின்ன ஊஃபர் இப்போது வருகிறது. கம்பெனி ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் வகைகளும் அதில் உண்டு. திரையைத் தொடவே வேண்டாம்.

பதினைந்தாயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கு என் வரிசை: முன் ஸ்பீக்கர், முன் கதவு டாம்பிங், மிச்சமிருந்தால் ஊஃபருக்குச் சேமிப்பு. பின் கதவை அப்படியே விடுங்கள். வேலை முடிந்ததும், கழற்றிய கம்பெனி ஸ்பீக்கர்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது அவற்றை மாட்டிக்கொடுத்துவிட்டு, நல்லதை அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம்.