வேலிக்கப்பால் ஒரு பந்தாட்டம்

களனி வெளி ரப்பர்த் தோட்டங்களிலே சனிக்கிழமைப் பிற்பகலுக்கென்று ஒரு தனி ஓசை இருந்த காலம் உண்டு. விடியலில் தொடங்கிய பால் வெட்டு முடிந்து, வாளிகள் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்து, லயங்களில் உலை கொதிக்கும் வேளையில், பெரிய துரையின் மோட்டார் வண்டி பங்களாவை விட்டு இறங்கித் தல்துவையை நோக்கி விரையும். அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்குப் போகும் வழியில், சப்பிரகமுவ எல்லையோரத்தில், களனி வெளித் துரைமாரின் கிளப் அங்கேதான். வண்டி அந்த வேளையில் இறங்கினால், அன்று றகர் ஆட்டம் என்று பொருள்.

என் தகப்பனார் அந்தப் பங்களாவில் அப்புவாக வேலை பார்த்தவர். துரையின் சப்பாத்துகளையும் கோடு போட்ட ஜெர்சியையும் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுவது அவர் பொறுப்பு. இரவு திரும்பி வரும்போது அந்த ஜெர்சி சேறும் புல்லுமாய் இருக்கும். சில வேளைகளில் இரத்தமும் இருக்கும். “இவ்வளவு படிச்ச மனுசங்க எதுக்கு இப்படிச் சேத்துல உருளுறாங்க?” என்று என் தாயார் கேட்பார். தகப்பனாரிடம் அதற்கு விடை இருந்ததில்லை.

1960களின் முற்பகுதியில் ஒருநாள் நானும் அவருடன் போனேன். மைதானத்து வேலிக்கு வெளியே ஒரு மண்மேடு. எங்களைப் போன்ற சிறுவர் பத்துப் பதினைந்து பேருக்கு அதுவே காலரி. முட்டை வடிவான ஒரு பந்தை ஒருவர் அணைத்துக்கொண்டு ஓடினார். மற்றவர்கள் அவரை இடுப்பில் பிடித்து வீழ்த்தினார்கள். பிறகு பதினாறு பேர் தலையைத் தாழ்த்தி, தோளோடு தோள் முட்டி, உழவு மாடுகள் போலத் தள்ளினார்கள். யார் வென்றார், எதற்காக ஊதல் ஊதப்பட்டது என்பது எங்களில் ஒருவனுக்கும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன? மறுநாளே ஒட்டுப்பாலை இழை இழையாகச் சுற்றிப் பந்து செய்தோம். எவ்வளவு முயன்றும் அது உருண்டையாகவே வந்தது. எனவே எங்கள் றகர் இரண்டு வாரத்தில் சடுகுடுவாக மாறி முடிந்துபோயிற்று.

துரை மைதானத்துக்குப் போகாத வாரங்களில் பங்களா வானொலிப் பெட்டியில் ஆங்கில வர்ணனை ஒலிக்கும். தகப்பனார் தேநீர்த் தட்டை ஏந்தியபடி கதவோரத்தில் நிற்பார். அவருக்கு விளங்கிய ஆங்கிலம் சமையலறையைத் தாண்டாதது. ஆயினும் ஆட்டத்தின் முடிவை லயத்துக்கு எடுத்துவரத் தவறியதேயில்லை. “இன்னைக்கி நம்ம பக்கந்தான் வெற்றி, துரை ரெண்டு தடவை மேசையைத் தட்டினாரு” என்பார். துரையின் முகத்தைப் பார்த்து ஆட்டத்தை அறிந்த வர்ணனையாளர் அவர். அவருக்குப் பிறகு எங்கள் பகுதியில் றகருக்குத் தமிழ் வர்ணனையாளர் வேறொருவர் தோன்றியதாக எனக்கு நினைவில்லை. இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

இவ்விளையாட்டு இலங்கைக்கு வந்த வரலாறு நீண்டது. 1879இல் கொழும்பில் கால்பந்துக் கழகம் ஒன்று தோன்றியது. 1891இல் கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய லூயி எட்மண்ட் பிளேஸ், அதே ஆண்டில் தம் மாணவருக்கு றக்பி ஆட்டத்தையும் கற்பித்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டம். 1908இல் நாட்டுக்கென ஒரு றக்பி சங்கம் அமைந்தது. ஆனால் ஆட்டத்தின் உண்மையான பிடிமானம் தோட்டங்களிலேயே இருந்தது. திம்புள, டிக்கோயா, ஊவா, களனி வெளி என்று துரைமார் கிளப்புகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் அணி வைத்திருந்தன. தனிமையில் வாழ்ந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமாருக்கு வாரத்தில் ஒருநாள் தம்மினத்தாரைக் காண்பதற்கு அது ஒரு சாக்கு. 1950 செப்டெம்பரில், நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் சென்று திரும்பிய பிரித்தானிய லயன்ஸ் அணி கொழும்பில் இறங்கி இலங்கை அணியை 44க்கு 6 என்று வென்றது. தோற்றாலும் அத்தகைய அணியோடு ஆடினோம் என்ற பெருமை மிஞ்சியது.

பிறகு துரைமார் போனார்கள். 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது; 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அதற்கு முன்பே, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி எங்கள் லயங்களிலிருந்தும் மக்கள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார்கள். மண்மேட்டில் என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேர் இன்று கடலுக்கு அப்பால். வேலிக்கு உள்ளே ஆடியவர்களும் போனார்கள். வெளியே நின்று பார்த்தவர்களும் போனார்கள். இரத்தினபுரிக்கும் அப்பால் ஓப்பநாயக்க வரை ஓடிய சிறு புகையிரதப் பாதைகூட 1970களில் அகற்றப்பட்டது.

ஆனால் ஆட்டம் அழியவில்லை என்பதுதான் வியப்பு. அது வெள்ளையரை விட்டு நம் நாட்டு இளைஞரிடம் வந்து சேர்ந்தது. 1945இல் றோயல் கல்லூரி அதிபர் பிராட்பி அளித்த கேடயத்துக்காக றோயலும் திரித்துவமும் ஆடும் இரு ஆட்டங்களுக்குப் பெருங்கூட்டம் கூடுகிறது. பொலிஸ், இராணுவ, கடற்படை அணிகள் வந்தன. 1990களிலிருந்து கண்டி அணி ஓங்கி நின்றது. நிருவாகச் சண்டைகளுக்கும் குறைவில்லை. 2023இல் உலக றக்பி அமைப்பு இலங்கையை இடைநிறுத்தும் அளவுக்கு அவை போயின. அடுத்த ஆண்டே கொழும்பில் கசகஸ்தானை வென்று இலங்கை அணி ஆசியாவின் மேற்பிரிவுக்கு உயர்ந்தது. இவ்வளவு நடந்தும், எட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ காவத்தையிலோ ஒரு தோட்டத்து இளைஞனை நிறுத்தி “ஸ்கிரம் என்றால் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். நான் ஆசிரியனாகப் பணியாற்றிய பாடசாலை எதிலும் முட்டை வடிவப் பந்து ஒன்று இருந்ததில்லை. அது இருக்கட்டும், சமதரையான மைதானமே சில இடங்களில் இருந்ததில்லை.

மைதானம் இல்லை, பந்து இல்லை என்பவை உண்மையான காரணங்கள். ஆயினும் கிரிக்கெட்டுக்கும் இவை இல்லாமல்தானே இருந்தன? ரப்பர் மரங்களின் இடைவெளியில், தென்னை மட்டையைக் கொண்டு, எங்கள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். ஏன்? அந்த ஆட்டம் தமிழில் அவர்கள் காதுக்குள் வந்தது. சென்னை வானொலியில் சேப்பாக்கத்து ஆட்டங்களை அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வர்ணித்த தமிழை, இரைச்சலுக்கிடையே, ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றிப் பத்துப்பேர் குந்தியிருந்து கேட்டோம். ஆட்டத்தைக் கண்ணால் காணாதவனும் அதன் விதிகளைக் கற்றான். 1996இல் உலகக் கிண்ணம் வந்தபோது லயத்துப் பாட்டிகள்கூட ‘ரன் அவுட்’ பற்றித் தர்க்கம் செய்தார்கள் என்றால் அது மிகையன்று.

சடுகுடுவின் கதை இன்னும் தெளிவானது. கிராமத்துப் புழுதியில் கிடந்த அந்த ஆட்டம் 2014இல் இந்தியத் தொலைக்காட்சிக்கு ஏறியது. 2017இல் தமிழ் தலைவாஸ் என்று ஓர் அணியும் பிறந்தது. அவ்வாண்டிலேயே தமிழுக்கென்று ஒரு விளையாட்டு அலைவரிசையும் தொடங்கியது. ஆட்டம் நமக்குப் பழையது, குரல்தான் புதியது. குரல் வந்ததும் கூட்டமும் வந்தது.

றக்பியோ சடுகுடுவுக்குத் தூரத்து உறவினன் என்றே நான் நினைக்கிறேன். ஆளைப் பிடித்து நிறுத்துவதும், கோட்டைத் தொடுவதற்காக உயிரைக் கொடுப்பதும் இரண்டுக்கும் பொது. ஒன்றே ஒன்றுதான் புதியவனை மயக்கும்: பந்தைக் கையால் முன்னோக்கி எறியக்கூடாது. முன்னேற வேண்டுமானால் ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். தோழனுக்குக் கொடுப்பதானால் பின்னால் வருபவனுக்கே கொடுக்க வேண்டும். இந்த ஒரு விதியைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் ஆட்டத்தில் பாதி விளங்கிவிடும்.

கலைச்சொல் இல்லையே என்று இலக்கிய வட்டத்து நண்பர் ஒருவர் குறைபட்டார். ‘ட்ரை’ என்பதை ‘முயற்சி’ என்று பெயர்க்கலாம் என்பது அவர் யோசனை. வரலாற்றை நோக்கினால் அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆதியில் எல்லைக்கு அப்பால் பந்தை ஊன்றியவனுக்குப் புள்ளி கிடையாது. கோலை நோக்கி உதைத்துப் பார்க்க ஒரு முயற்சிக்கான உரிமை மட்டுமே கிடைத்தது. பிறகு ஊன்றுதலுக்கே மதிப்பு ஏறிற்று. நான் சிறுவனாய்ப் பார்த்தபோது 3 புள்ளி. 1971இல் 4 ஆயிற்று. 1992 முதல் 5. இன்று அது முயற்சி அன்று, முழு வெற்றி. நமது பத்திரிகைகள் ‘ட்ரை வைத்தார்’ என்று எழுதுகின்றன. அந்த ‘வைத்தார்’ என்ற வினை எனக்குப் பிடித்திருக்கிறது. பந்தை எறிவதில்லை, போடுவதில்லை, நிலத்தில் வைக்கிறார்கள். விளையாட்டுப் பக்கத்தில் யாரோ ஒருவர் செய்த நல்ல தமிழ் இது. நண்பரிடமும் இதையே சொன்னேன். அவர் இன்னும் இணங்கவில்லை.

இனி ஒளிபரப்பின் வருங்காலம் எப்படியிருக்கும்? உலகத்தைப் பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. 1987இல் முதல் உலகக் கிண்ணம் நடந்தபோதுகூட றக்பி பெயரளவிலாவது ஊதியமற்ற ஆட்டம். 1995இல் தொலைக்காட்சிப் பணம் தென்கோளத்து நாடுகளில் வெள்ளமாகப் புகுந்தது. பத்து ஆண்டு உரிமைக்கு 55 கோடி டொலருக்கு மேல் விலை பேசப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ஆட்டம் தொழிலாயிற்று. அதன் பின் ஆட்டத்துக்குப் பணம் தருபவன் கட்டணம் செலுத்தும் பார்வையாளன். ஆட்டத்துக்கு ஆயுள் தருபவனோ இலவசமாகப் பார்க்கும் சிறுவன். இவ்விருவரில் யாரைப் பிடிப்பது என்று எல்லா நாட்டுச் சங்கங்களும் திண்டாடுகின்றன. இங்கிலாந்தில் வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் ஆகிய மூன்று பெருங்கழகங்கள் 2022, 2023 ஆண்டுகளில் கடனில் வீழ்ந்தன. ஆறு நாடுகள் போட்டியை மட்டும் 2029 வரை எல்லாரும் காணும் அலைவரிசைகளிலேயே வைத்துக்கொள்ள அங்கே உடன்பாடு செய்திருக்கிறார்கள். பணத்துக்கு அப்பாலும் சிறிது யோசித்திருக்கிறார்கள் போலும்.

இந்தியாவில் 2025 ஜூனில் எழுவர் றக்பிக்கு ஒரு லீக் தொடங்கினார்கள். மும்பையில் நடந்த அப்போட்டியில் முதல் கிண்ணத்தை வென்றது சென்னையின் பெயர் தாங்கிய அணி! எழுவர் ஆட்டம் ஒன்று பதினான்கு நிமிடத்தில் முடியும். தொலைக்காட்சிக்காரருக்கு அது அல்வா. பதினைவர் ஆட்டமோ எண்பது நிமிடம், பொறுமையான வேலை. சேற்றில் தள்ளும் அந்தப் பதினாறு பேரின் அழகு குறுகிய ஆட்டத்தில் இல்லை என்பது என் கட்சி. பழைய மனிதனின் பிடிவாதம் என்று கொள்க.

நம் நாட்டில் 1979இலும் 1982இலும் வந்த தொலைக்காட்சி நிலையங்களைத் தாண்டி, இப்போது கைத்தொலைபேசியிலேயே பாடசாலை ஆட்டமும் கழக ஆட்டமும் வந்துவிடுகின்றன. தமிழில் செய்தி எழுதுகிறார்கள், அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நான் பார்த்த நேரடி ஆட்டங்களிலெல்லாம் ஒலித்தது ஆங்கிலக் குரல். கொழும்புப் பெருங்கல்லூரிகளின் பழைய மாணவருக்கு அது போதும். அவர்கள் ஏற்கெனவே ஆட்டத்தின் பிள்ளைகள். புதிய கண்களை ஒளிபரப்புக்காரர் எங்கே தேடுவார்கள்? ஆட்டத்தை அறிந்த இரண்டு இளைஞரும் ஒரு ஒலிவாங்கியும் இருந்தால், அதே படத்துக்குத் தமிழ்க் குரலையும் சேர்த்து அனுப்பலாம். பிராட்பி ஆட்டம் ஒன்றில் செய்து பார்க்கட்டும்.

இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்மையில் ஆடித் திருவிழாவுக்காகத் தெஹியோவிட்டப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். கொழும்பில் உடுப்புக் கடையொன்றில் வேலை செய்யும் பையன் விடுமுறையில் வந்திருந்தான். லயத்துத் திண்ணையில் தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து றகர் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் காம்பராப் பெரியவர், நாற்பது ஆண்டு பால் வெட்டியவர், எட்டிப் பார்த்தார்.

“ஏன்டா, முன்னால ஓடிக்கிட்டே பின்னால எறியிறான்?”

பையன் ஆட்டத்தை ரசிக்கத் தெரிந்தவன், விளக்கத் தெரியாதவன். “அப்படித்தான் தாத்தா ரூல்” என்றான். பெரியவர் எழுந்து போக ஆயத்தமானார். எனக்கு என்ன தோன்றியதோ, தொலைபேசியின் ஒலியைக் குறைக்கச் சொல்லிவிட்டு நானே தொடங்கினேன். இன்னார் பிடித்தார், இன்னார் விழுந்தார், விழுந்தவர் பந்தை விட்டுவிட வேண்டும், இதோ எதிரணி மேலேறி வருகிறது, ஓரத்தில் ஒருவன் தனியாக ஓடுகிறான் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பல இடங்களில் பிழைத்தேன், பையன் திருத்தினான். திண்ணையில் மூவராக இருந்தவர்கள் எட்டுப் பேரானோம். ஓரத்தில் ஓடியவன் எல்லையை நெருங்கி, ஒருவன் காலைப் பிடிக்க, சரிந்துகொண்டே கையை நீட்டினான். “விடாதடா, பாடிக்கிட்டே தொடு!” என்று பெரியவர் கூவினார், சடுகுடு நினைவில்.

அந்தக் கணத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. ரப்பர் மலைகளுக்கிடையே அலை வருவதும் போவதும் வழக்கந்தான். பையன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

“அது கிடக்கட்டும், வச்சானா இல்லையா, நீங்க சொல்லுங்க மாஸ்டர்” என்றார் பெரியவர்.