பாறையை வேகவைத்தால் எண்ணெய் வருமா?

தாம்பரத்திலிருந்து பீச் ரயிலில் போகும்போது பல்லாவரம் மலையைப் பார்த்திருப்பீங்க. அது சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைக்குப் போனது இந்த ரகக் கல்தான். பெயரும் அங்கிருந்து வந்ததுதான். கடும் வெப்பத்தில் உருவான பாறை என்பதால் எவ்வளவு காய்ச்சினாலும் சொட்டு எண்ணெய் வராது. மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தாவரப் படிமங்களோடு ஷேல், அதாவது களிப்பாறை இருக்கு. உடனே கடப்பாரையைத் தூக்காதீங்க, எல்லா ஷேலும் எண்ணெய் ஷேல் இல்லை.

எண்ணெய் ஷேலுக்குள் இருப்பதும் எண்ணெய் கிடையாது, கெரோஜென். பழங்காலப் பாசிகள் புதைந்து அரைவேக்காட்டில் நின்றுபோன திடப்பொருள். பூமி பல லட்சம் வருஷம் எடுத்துச் செய்யும் சமையலை, தோண்டிய பாறையை உலையில் சுமார் 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கி நாம் முடிக்கலாம். எஸ்டோனியா இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. பக்கத்தில் சாம்பல் மலையும் வளர்கிறது.

தோண்டாமலே பண்ணினால் என்ன என்று கேட்டது ஷெல் நிறுவனம். அமெரிக்காவின் கொலராடோவில் துளை போட்டு, மின்சார ஹீட்டர் இறக்கி, பாறையைச் சுமார் 350 டிகிரிக்கு மெதுவாகச் சூடாக்கினார்கள். ஒரு சிறிய சோதனைத் திடலில் 2005-க்குள் சுமார் 1,700 பேரல் லேசான எண்ணெய் கிடைத்தது. எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்துவிட்டால்? சுற்றிலும் குழாய்களில் குளிர்திரவத்தை ஓடவிட்டு மண்ணையே உறையவைத்து, பனிச்சுவர் கட்டிப் பார்த்தார்கள். நடுவில் அடுப்பு, சுற்றி ஃப்ரீசர்! எக்ஸான்மொபில் வேறு வழி யோசித்தது: பாறையில் விரிசல் உண்டாக்கி, மின்கடத்தும் பொருளை நிரப்பி, அந்த விரிசலையே ஹீட்டராக்குவது. ரேதியான் ரேடியோ அலையால் சூடாக்கப் பார்த்தது, கிட்டத்தட்ட மைக்ரோவேவ் அவன் கணக்கு.

தெர்மோ பேப்பர் எழுதினவங்களுக்கு இடிக்கும் இடம் ஒன்று உண்டு. அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் செலவாகும். அந்த மின்சாரத்தை மறுபடி வெப்பமாக்கிப் பாறைக்குக் கொடுக்கிறோம். ஷெல் 2013-ல் கொலராடோ ஆய்விலிருந்து விலகியது.

நம்ம நாட்டில் பேச்சு பெரும்பாலும் ஷேல் வாயு பற்றித்தான். அது ஏற்கெனவே வெந்தது. சூடாக்க வேண்டாம், தண்ணீரை அழுத்திப் பாறையைப் பிளக்கணும். 2011-ல் துர்காபூர் அருகே ஓஎன்ஜிசி கிணற்றில் அது வெளிவந்தது. காவிரிப் படுகையிலும் ஷேல் உண்டு. கோடையில் தண்ணி லாரிக்காகக் காத்திருக்கும் நமக்கே தண்ணீரின் அருமை தெரியும். டெல்டா விவசாயிக்குச் சொல்லவே வேண்டாம். 2020-ல் தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே புதிய எண்ணெய், எரிவாயுத் துளையிடலைத் தடுக்கிறது, ஷேல் வாயுவையும் பெயர் சொல்லியே. ஏற்கெனவே ஓடும் கிணறுகள் அந்தத் தடைக்குள் வரவில்லை.