கழிக்கரையில் நிறுத்தி வைக்கச் சிறு படகு: எதைப் பார்த்து வாங்குவது?

ஆரணி வட்டாரத்து உழவர்களுக்குப் படகு முற்றிலும் புதிய பொருள் அல்ல. ஏரி நிரம்பிய ஆண்டுகளில் மீன்பாசிக் குத்தகை எடுப்போர் தெப்பமோ சிறு படகோ வைத்துக்கொள்வது உண்டு. ஆனால் ஏரிப் படகு வேறு, உப்பங்கழிப் படகு வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்கிப் பணம் இழந்தவர்கள் இருப்பதால் இதனை எழுத நேர்ந்தது.

ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு பாலாற்றில் சேர்கிறது. பாலாறு வாயலூருக்கு அருகே கடலை அடைகிறது. அங்கிருந்து தெற்கே இடைக்கழிநாடு, மரக்காணம் வரை கடலோரத்தை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும் நீண்டு கிடக்கின்றன. இடைக்கழிநாடு என்னும் பெயரே அந்த நிலத்தின் அமைப்பைச் சொல்லிவிடும். அங்கே தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும் வைத்திருப்போர், கழியில் கூண்டு கட்டிக் கொடுவா மீன் வளர்ப்போர் முதலியோருக்குச் சிறு படகு ஒரு வண்டி போன்றது.

ஆரணிப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவருக்கு மனைவி வழியில் அந்தக் கரையில் ஒரு தோப்பு கிடைத்தது. கழியைத் தாண்டித் தேங்காய் கொண்டுவர வேண்டும். ஏரியில் ஆறு ஆண்டுகள் குறைவின்றி உழைத்த தம் மாமரப் பலகைப் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கழியில் விட்டார். பதினான்காம் மாதம் அதனை நான் பார்த்தேன். மேலே வண்ணம் கூட மங்கவில்லை. அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்தியபோது அப்பளம் போல் உள்ளே போயிற்று. ஒரு போக நெல்லில் மிஞ்சிய பணம் அவ்வளவும் அடுத்த படகுக்குப் போயிற்று. அவர் செய்த தவறு என்ன என்பதைப் பார்ப்போம்.

ஓதத்தின் கணக்கு

ஏரியில் நீர்மட்டம் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். கழியிலோ கடலின் ஓதம் நாள்தோறும் இரு முறை ஏறி இரு முறை வற்றும். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்று காலை 6 மணிக்கு நீர் நிறைந்திருந்தால் நாளை ஏறத்தாழ 6.50க்குத்தான் அதே நிலை வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுதி. அஷ்டமியை ஒட்டிக் குறைவு. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவருக்கு இது எளிது. திதி கழிந்து ஓரிரு நாள் பிந்தியே உச்சம் வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும்.

சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமிக் காலத்தில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு சுமார் 1 மீட்டர். அஷ்டமிக் காலத்தில் சுமார் 40 செ.மீ. குஜராத்தில் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் வரை ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால் நம்முடையது ஒன்றுமே இல்லை எனத் தோன்றும். ஆனால் நம் கழிகளின் ஓரத்தில் ஆழமே முழங்கால் அளவுதான். அங்கே அரை மீட்டர் இறங்கினாலும் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக வேறுபாடு குறையும், நேரமும் பிந்தும். கோடையில் மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டால் ஓதமே நின்றுபோய் நீர் நாளுக்கு நாள் வற்றும். அப்போது படகு வாரக்கணக்கில் தரையில் கிடக்க நேரிடும். பாலாற்றில் வாயலூர்த் தடுப்பணைக்குக் கீழேதான் ஓதம் உண்டு, மேலே இல்லை.

ஆகவே கழிக்கரையில் நிற்கும் படகு நாளில் பல மணி நேரம் மிதப்பதே இல்லை. அது தரையில் எப்படி உட்காருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எப்படி ஓடுகிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாங்குவோரில் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். படகுக்காரர் ஓட்டிக் காட்டுகிறார், அது விரைந்து போகிறது, உடனே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

அமாவாசை கழிந்த மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள், நீர் முழுவதும் வற்றிய வேளையில் படகு நிறுத்தப் போகும் இடத்தில் இறங்கி நடந்து பார்க்கவும். காலில் செருப்பு அவசியம். கல், பழைய முளைக்கம்பு, ஆளிச் சிப்பித் திட்டு ஆகியவை உள்ள இடம் ஆகாது. ஆளியின் விளிம்பு கத்தி போன்றது. படகு அதன்மேல் நாளுக்கு இருமுறை உட்கார்ந்து எழுந்தால் எந்த அடிப்பாகமும் தாங்காது. மணல் கலந்த சேறு சிறந்தது. முழங்கால் வரை புதையும் வெறுஞ்சேறு படகைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நீர் ஏறும்போது படகு எழாமல், பின்பக்கத்தின் மேல் நீர் புகுந்துவிடும். பின்பக்கத்தில் இயந்திரத்தை மாட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோரின் படகுகளே பெரும்பாலும் இவ்வாறு மூழ்குகின்றன. இயந்திரத்தைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோதல் நலம்.

அடி எப்படி இருக்க வேண்டும்

தட்டையான அடியே உகந்தது. கூரிய அடி கொண்ட படகு நீர் வற்றியதும் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பக்கத்தில் நீர் ஏறும்போது படகு நிமிரும் முன்பே உள்ளே நீர் வந்துவிடும். பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிச் சென்ற அந்நாளைய படகுகள் தட்டை அடியோடு கட்டப்பட்டதற்குக் காரணமும் ஆழமின்மையே. கயிறு கட்டி ஆள் இழுத்தும் கோல் ஊன்றியும் அவற்றைச் செலுத்தினர்.

படகு எவ்வளவு அமிழும் என்பதை நாமே கணக்கிடலாம். 5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அடி அகலம் உள்ள தட்டைப் படகை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 6 சதுர மீட்டர். முன்னும் பின்னும் குறுகுவதால் முக்கால் பங்கு, அதாவது 4.5 சதுர மீட்டர் எனக் கொள்ளலாம். இது 1 செ.மீ. அமிழ்ந்தால் 45 லிட்டர் நீரை விலக்கும். எனவே 45 கிலோ சுமைக்கு 1 செ.மீ. வீதம் அமிழும். படகு 180 கிலோ, ஆட்கள் இருவர் 120 கிலோ, தேங்காய் 240 கிலோ, ஆக மொத்தம் 540 கிலோ. படகு 12 செ.மீ. அமிழும். 30 செ.மீ. நீர் இருந்தால் தடையின்றிப் போகலாம். இதே அகலமுள்ள கூரிய அடிப் படகுக்கு ஏறக்குறைய இரு மடங்கு ஆழம் தேவை. சுமை ஏற்றிய பின்னும் நீருக்கு மேல் பக்கச்சுவர் 30 செ.மீ. இருத்தல் வேண்டும். ஆகவே சுவரின் உயரம் 45 முதல் 50 செ.மீ. வரை இருப்பது நல்லது.

தட்டை அடிப் படகுக்கு ஒரு குறை உண்டு. அமைதியான நீரில் ஆடாமல் நிற்கும் அது, அலையில் ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் திடீரெனக் கவிழும். எனவே இந்தப் படகோடு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போதல் கூடாது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிதவைச் சட்டை அவர்களிடம் இல்லை. தோப்புக்குப் போகும் படகுதானே என்று எண்ணாமல், ஏறும் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை வாங்கவும்.

எதனால் செய்த படகு

மரப்படகுக்கு உவர்நீரில் பெரும் பகை கப்பல் புழு. புழு என்று பெயர் இருந்தாலும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குண்டூசி முனை அளவுத் துளையில் நுழைந்து உள்ளே விரல் பருமனுக்கு வளைகுடையும். வெளியே ஒன்றும் தெரியாது. நன்னீரில் இது வாழாது. ஆரணி விவசாயியின் படகு ஏரியில் ஆறு ஆண்டு இருந்ததும் கழியில் ஓராண்டில் போனதும் இதனால்தான். மழைக்கால வெள்ளத்தில் உப்பு குறையும்போது இதன் வேகம் தணியும், கோடையில் மிகும். மரப்படகே வேண்டுமாயின் மாதம் ஒரு முறை கரையேற்றிச் சில நாள் காயவைத்து, முந்திரிக் கொட்டை எண்ணெய் போன்றவற்றைப் பூசி வர வேண்டும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்துக்கு மருந்தேற்றிப் படகு கட்டும் முறையை உருவாக்கியுள்ளது. மருந்தேற்றாத மாமரம், வேம்பு முதலியவற்றைக் கழிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கட்டுமரம் மலிவு. ஆனால் அது நீரில் ஊறிக் கனத்துவிடும். தினமும் கரையேற்றிக் காய வைப்போருக்கே அது பொருந்தும். சாதாரண இரும்புத் தகட்டுப் படகு துருவுக்கு இரை. அதைப் பற்றி அதிகம் பேசுவதற்கில்லை.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரையில் கண்ணாடி நாரிழைப் படகுகள், அதாவது பைபர் படகுகள், மிகுதியாகப் பரவின. புழு அரிக்காது, எடை குறைவு, நாமே பழுது பார்க்கலாம். நம் தேவைக்கு இதுவே ஏற்றது. ஆனால் கடலுக்கெனச் செய்த பைபர் படகின் அடி கூர்மையானது. கழிக்குத் தட்டை அடி அச்சில் வார்த்ததைக் கேட்டு வாங்க வேண்டும். அடியில் நீளவாக்கில் இரண்டு அல்லது மூன்று சறுக்குச் சட்டங்கள் இருத்தல் அவசியம். படகு தரையில் உட்காரும்போது தேய்வது அந்தச் சட்டமாக இருக்கட்டும், அடித்தகடாக இருக்க வேண்டாம். சட்டத்தின்மேல் நாரிழைப் பாய் இரண்டு அடுக்கு கூடுதலாகப் போடச் சொல்லவும். தேய்ந்தபின் அதை மட்டும் புதுப்பித்தால் போதும். முன்னும் பின்னும் நுரை அடைத்த மிதப்பறைகள் உள்ளனவா என்று பார்க்கவும். படகு நிரம்பினாலும் அவை முழுகவிடா.

பழைய படகு வாங்குவோருக்கு

பட்டுச் சேலை எடுக்கும் அனுபவசாலிகள் முந்தானையோடு நிற்பதில்லை, சேலையைத் திருப்பி உள்பக்கம் நூல் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். படகையும் அவ்வாறே கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கவிழ்த்துக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பைபர் படகின் அடியை ஒரு நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டவும். கணீரென்ற ஒலி மாறி மந்தமாகக் கேட்டால் அங்கே அடுக்குகள் பிரிந்துள்ளன. கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்தி முகரவும். காடி நாற்றம் அடித்தால் நாரிழைக்குள் நீர் ஊறியுள்ளது. இயந்திரம் மாட்டும் பின்பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்க்கவும். ஓரத்தில் கீறல் விரிந்தால் உள்ளிருக்கும் மரம் உளுத்துவிட்டது. அளவுக்கு மீறிக் கனக்கும் படகின் மிதப்பறை நுரை நீர் குடித்திருக்கும். மரப்படகாயின் கத்தி முனையால் அடிப்பலகையைப் பல இடங்களில் குத்திப் பார்த்தாலே போதும்.

கட்டும் முறை

முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரு சவுக்குக் கம்புகளை ஆழமாக ஊன்றி, படகை நடுவில் கட்டவும். கயிற்றை இழுத்துக் கட்டினால் நீர் வற்றும்போது படகு கயிற்றில் தொங்கிச் சாயும். 1 மீட்டர் இறக்கம் உள்ள இடத்தில் ஒவ்வொரு கயிறும் 3 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கம்பில் மேலும் கீழும் வழுக்கும் ஒரு பெரிய வளையத்தில் கயிற்றைக் கட்டுவது இன்னும் சிறந்தது. ஆனால் கம்பில் கொட்டலசு படிந்தால் வளையம் சிக்கிக்கொள்ளும். மாதம் ஒரு முறை சுரண்டவும். படகின் அடியில் படிவதையும் வற்று நீரில் அப்போதே சுரண்டிவிடலாம். நைலான் கயிறு நீளும் தன்மையால் அதிர்ச்சியைத் தாங்கும். மிதக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு வெயிலில் விரைவில் நைந்துவிடும், இயந்திர விசிறியிலும் சுற்றிக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் தனிக் கவனம் தேவை. திறந்து கிடக்கும் 5 மீட்டர்ப் படகில் ஒரே இரவில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 500 லிட்டர் நீர் சேரும். அரை டன் சுமை ஏற்றியதற்கு இது சமம். வடிகால் அடைப்பைத் திறந்துவிட்டுப் போகலாம் என்று சிலர் எண்ணுவர். தரையில் கிடக்கும்போது அது சரி, நீர் ஏறும்போது அந்தத் துளை வழியாகவே கழி உள்ளே வரும். மழைநாளில் காலையும் மாலையும் இறைப்பதே வழி. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்தது போன்ற பெருவெள்ளத்தின்போது கம்பும் கயிறும் நிற்கா. மேல்மடையில் வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து மரத்தில் கட்டிவிடவும்.

சிறு பழுதை வீட்டிலேயே பார்க்கலாம். இடத்தை நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்தி, தேய்த்து, நாரிழைப் பாயும் பிசினும் ஒட்ட வேண்டும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளவும். பிசினை இறுகச் செய்யும் இரு மருந்துகளையும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றைப் பிசினில் கலந்து முடித்தபின் மற்றதைச் சேர்க்க வேண்டும். கண்ணில் பட்டால் பார்வை போகும். குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்கவும்.

மீன் பிடிக்கப் படகைப் பயன்படுத்துவோர் மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுக்கொள்ளவும். மரக்காணத்தை அடுத்த கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நிறுத்த எண்ணுவோர் முதலில் வனத்துறையை அணுகுதல் வேண்டும். புதிய பைபர் படகுக்கு முன்பணம் கொடுப்பதாயின் மாசி, பங்குனியில் கொடுப்பது நல்லது. ஈரக்காற்றில் வார்த்த பிசின் சரியாக இறுகாது, மழைக்காலத்தில் அவசரமாகச் செய்து தரும் படகுகளில் கொப்புளம் மிகுதி.