கல்லூரிப் பருவமும் கற்பு நெறியும்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து நாள்தோறும் நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கின்றனர். சிலர் தாமிரபரணியைக் கடந்து அம்பாசமுத்திரம் செல்வர். சிலர் ரயிலிலும் பேருந்திலும் பாளையங்கோட்டை செல்வர். அங்கே 1971இல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி தோன்றியபின், நம் வட்டாரத்து முஸ்லிம் இளைஞர்க்கு உயர்கல்வியின் வாயில் மேலும் அகன்றது. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இளமையின் வேட்கையும் அவர்களுடன் செல்கிறது. அதனைப் பற்றி இல்லத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. கைப்பேசியோ ஓயாமல் பேசுகிறது.

வேட்கை இறைவன் படைத்த இயல்பு. அதற்குரிய நேர்வழியை நிக்காஹ் என மார்க்கம் வகுத்துள்ளது. மணம் முடிக்க வசதியற்ற இளைஞர் நோன்பு நோற்கட்டும், அது அவர்க்குக் கேடயம் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள்.

வெறும் கட்டுப்பாடு போதுமா? அமெரிக்காவில் திருமணம் வரை கற்பைக் காப்போம் என இளைஞர் பலர் உறுதிமொழி எடுத்தனர். 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஐந்தாண்டுகளுக்குப் பின் அவர்களில் நூற்றுக்கு 82 பேர் அவ்வுறுதியை எடுத்ததையே மறுத்தனர். அவர்களை ஒத்த பின்னணியுடைய, உறுதி எடுக்காத இளைஞரின் நடத்தைக்கும் அவர்கள் நடத்தைக்கும் வேற்றுமை காணப்படவில்லை. உள்ளத்தில் வேரூன்றாத உறுதி நிலைப்பதில்லை.

உள்ளத்தைத் தொடுவது எங்ஙனம்? ஓர் இளைஞர் அண்ணலாரிடம் வந்து விபசாரத்திற்கு அனுமதி கேட்டார். சூழ இருந்தோர் அவரை அதட்டினர். அண்ணலாரோ அவரை அருகழைத்து அமர்த்தினார்கள். உம் தாய்க்கு இதனை விரும்புவீரா என வினவினார்கள். பின்னர் மகள், சகோதரி, அத்தை, தாயின் சகோதரி என ஒவ்வொருவரையும் குறித்து வினவினார்கள். ஒவ்வொரு முறையும் அவர் விரும்பேன் என்றார். பிற மக்களும் தம்மவர்க்கு இதனை விரும்பார் என உணர்த்தி, அவர்மீது கரம் வைத்து, மன்னிப்புக்கும் உள்ளத் தூய்மைக்கும் கற்புக்கும் துஆச் செய்தார்கள். அதன்பின் அவர் மனம் அப்பக்கம் திரும்பவில்லை. அபூ உமாமா (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சி முஸ்னத் அஹ்மதில் உள்ளது.

பெற்றோரே! பெண்பிள்ளையின் வரவு நேரத்தைக் கணக்கிடுகிறோம், ஆண்பிள்ளையைக் கேட்பாரில்லை. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயமோ (24:30, 31) பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆண்களுக்கும், அடுத்துப் பெண்களுக்கும் கட்டளையிடுகிறது. கற்பு இருபாலர்க்கும் பொது.

எனவே மகன் கூச்சத்துடன் கேட்கும் கேள்விக்குத் தந்தை செவி கொடுக்கட்டும்; மகளுக்குத் தாய் துணை நிற்கட்டும். தவறியவர்க்கும் தவ்பாவின் வாயில் திறந்தேயுள்ளது. அதனை நம் வசைச்சொல்லால் அடைத்துவிட வேண்டாம். தகுந்த வயதில் மணம் முடிக்க, வரதட்சணையும் வீண் ஆடம்பரமும் தடையாகாதிருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களைத் தூய்மையாக்கிக் காத்தருள்வானாக! ஆமீன்.