மாட்டிய பட்டை பிடிக்காவிட்டால்?

மோட்டார் வண்டியில் ஏறியதும் ஸீட் பெல்ட்டை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். மாட்டிக்கொள்ளாதவருக்கு ரூபாய் 1,000 அபராதம். நியாயமான சட்டந்தான். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பணிந்து பட்டையை மாட்டிக்கொண்ட ஒருவரை, விபத்து நேர்ந்த கணத்தில் பட்டையே கைவிட்டுவிட்டால், அவர் யாரிடம் சென்று முறையிடுவது? நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழுவதே அபூர்வம். எதிரே வந்த லாரிக்காரனைத் திட்டுகிறோம், கிரகசாரத்தை நொந்துகொள்கிறோம், ஆஸ்பத்திரிச் செலவைக் கடன் வாங்கிக் கட்டுகிறோம். வண்டியைச் செய்து விற்றவர் நம் ஞாபகத்துக்கு வருவதேயில்லை.

இன்று நாம் தோளிலும் இடுப்பிலுமாகப் பூணும் பட்டையை 1959-இல் உலகுக்கு அளித்தவர் ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியின் இஞ்சினீயர் நில்ஸ் போலின். சாதாரண வேளையில் இழுத்த இழுப்புக்கு நீண்டு கொடுக்கும் அப்பட்டை, வண்டி திடீரென நின்றதும் உள்ளே சுருள் பூட்டிக்கொள்வதால் ஆளை இருக்கையோடு பிடித்து நிறுத்துகிறது. சுருள் பூட்டாமல் போகலாம். கொக்கி சரியாக விழாமலே விழுந்ததுபோலத் தோன்றலாம். தரையில் முடுக்கிய ஆணி பெயர்ந்து வரலாம். 1995-இல் அமெரிக்காவில் டகாடா என்ற ஜப்பானியக் கம்பெனியின் பட்டைகள் பொருத்திய 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதிக்க நேர்ந்தது. கொக்கியை விடுவிக்கும் சிவப்புப் பொத்தானின் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கி, துணுக்குகள் உள்ளே விழுந்து, பூட்டு ஒழுங்காக வேலை செய்யாமற் போனதே காரணம். அமெரிக்க வெயிலுக்கே அந்தக் கதி என்றால் வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

இத்தகைய வழக்குகளில் கம்பெனிகள் வெகுகாலம் ஒரே பதிலைச் சொல்லி வந்தன: “விபத்தை நாங்களா உண்டாக்கினோம்? மோதுவதற்காகவா வண்டி செய்கிறோம்?” 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மீதான ஒரு வழக்கில் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளியது. சாலையில் வண்டிகள் மோதுவது எதிர்பார்க்கக்கூடிய சங்கதியே. ஆகையால் மோதலில் உள்ளிருப்போருக்கு வீண் காயம் நேராதபடி தக்க கவனத்துடன் வண்டியை அமைக்க வேண்டியது செய்பவர் கடமை என்பது அதன் சாரம். மோதலுக்குக் காரணம் யாராயினும், பட்டை பிடித்திருந்தால் நேர்ந்திராத காயத்துக்குப் பட்டை செய்தவர் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு அடிப்படை இதுவே.

நம் தேசத்தில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. ‘பொருட் பொறுப்பு’ என்பதற்கென அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. செய்கையில் குறை, அமைப்பில் குறை, தக்க எச்சரிக்கை தராமை ஆகிய இவற்றால் உடலுக்கு ஊறு நேர்ந்தால் உற்பத்தியாளர் ஈடு கொடுக்க வேண்டும். அதற்கு முந்திய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே ஒரு நல்ல தீர்ப்பு உண்டு. 2017-இல் நேர்ந்த விபத்தில் ஹியுண்டாய் வண்டியின் காற்றுப்பை விரியவில்லை. வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. 2022 ஏப்ரலில் அக்கோர்ட்டு, வேகத்தையும் விசையையும் கணக்கிடும் பௌதிக சாஸ்திர நிபுணராக வாங்குபவர் இருக்க வேண்டியதில்லை என்று கூறி, வண்டிக்கு வண்டியும், வழக்குச் செலவு உட்பட ரூபாய் 3 லட்சமும் கொடுக்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. காற்றுப்பைக்குச் சொன்ன நியாயம் பட்டைக்கும் பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் இங்கேதான் ஒரு பெரிய இடையூறு. “இவர் பட்டையை மாட்டியிருக்கவே இல்லை” என்று கம்பெனி சொல்லும். இல்லையென்று காட்டச் சாட்சியம் எங்கே? தோளிலிருந்து மார்பின் குறுக்கே ஓடும் கன்றிய தழும்பு ஒரு சாட்சி. அது சில நாட்களில் மறைந்துவிடும். ஆகவே முதல் நாளே டாக்டர் அதைக் குறித்து எழுதும்படி கேட்க வேண்டும், படமும் எடுத்துவைக்க வேண்டும். பட்டையிலும் கொக்கியிலும் ஆளின் பாரம் இழுத்த தேய்மானம் தெரியும். சில வண்டிகளில் கொக்கி மாட்டியிருந்ததா என்பதை யந்திரமே பதிவு செய்து வைத்திருக்கும். இவையெல்லாம் இருப்பது உடைந்த வண்டிக்குள். இன்ஷூரன்ஸ் பணம் வந்தால் போதும் என்று அந்த வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டவர், தம் வழக்கையும் அதோடு தள்ளிவிட்டார் என்றே கொள்ள வேண்டும். மீட்க வந்தவர்கள் பட்டையை அறுத்திருந்தால் அறுத்த துண்டும் வேண்டும். பரிசோதனைசாலைக்கு அனுப்பிச் சோதிக்கச் செய்ய நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டுமல்லவா?

பொருளைத் தகாதபடி உபயோகித்தாலோ மாற்றியமைத்தாலோ கம்பெனி தப்பித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. பட்டை மாட்டாவிட்டால் எழும் மணியோசையை அடக்க ஒரு போலிக் கொக்கியைச் செருகி வைக்கும் சாமர்த்தியசாலிகள் இதைக் கவனிக்க வேண்டும். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை ஐந்து இணைய அங்காடிகளுக்கு உத்தரவிட்டு, அத்தகைய கொக்கிகளின் விற்பனையை நிறுத்தச் செய்தது.

பிராது கொடுக்க வேண்டிய இடம் ஜில்லா ஆணையம். வாங்கிய விலை ரூபாய் 50 லட்சத்துக்கு மேற்படாதவரை அங்கேயே கொடுக்கலாம். காயத்தின் அளவு அங்கே கணக்கன்று. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், தாம் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் கூடும். எதிர் வண்டிக்காரர் மீதான ஈட்டு மனு மோட்டார் விபத்து நியாயஸ்தலத்துக்குப் போக வேண்டியது. அது வேறு, இது வேறு. மேலும், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் மத்திய சர்க்காருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. நம் வண்டியும் அந்த ஜாபிதாவில் சேர்ந்ததா என்று வண்டியின் சட்ட எண்ணைக் கொடுத்து, விற்பனையாளரிடம் இன்றே விசாரித்து வைக்கலாம்.