வடிவம் கைக்கு வரும், வரலாறு வராது

பொறியியலாளர்கள் ‘கேட்’ என்று சுருக்கி அழைக்கும் கணினிவழி வடிவமைப்பு மென்பொருளில் ஒரு பொருளை வரைவது என்பது, அதன் புறத்தோற்றத்தை வரைவது மட்டுமன்று. அத்தோற்றம் எந்த வரிசையில், எந்தெந்த அளவுகளின் தொடர்பால் உருவாயிற்று என்பதையும் கூடவே எழுதிவைப்பதாகும். மோட்டாரைத் தாங்கும் ஓர் இரும்புத் தகட்டை எடுத்துக்கொண்டால், 120 மில்லிமீட்டர் நீளமும் 80 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம் ஒன்று முதலில் வரையப்படுகிறது. அதற்கு 6 மில்லிமீட்டர் தடிமன் தரப்படுகிறது. விளிம்பிலிருந்து 12 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஒரு துளை இடப்படுகிறது. அத்துளை மற்ற மூன்று மூலைகளுக்கும் படியெடுக்கப்பட்டு, இறுதியில் கூரிய மூலைகள் வட்டமாக மழுக்கப்படுகின்றன. இந்த ஐந்து படிகளும் திரையின் ஓரத்தில் ஒரு பட்டியலாக நிற்கும். நீளத்தை 140 என்று மாற்றினால், மென்பொருள் பட்டியலை முதலிலிருந்து மறுபடியும் ஓட்டி, துளைகளை விளிம்பிலிருந்து அதே 12 மில்லிமீட்டர் தள்ளித் தானே நிறுத்திக்கொள்ளும்.

அளவுருசார் வடிவமைப்பு எனப்படும் இம்முறையை 1980களின் பிற்பகுதியில் பி.டி.சி. நிறுவனத்தின் ‘புரோ/எஞ்சினியர்’ தொழிற்சாலைகளின் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1995இல் வெளிவந்த ‘சாலிட்ஒர்க்ஸ்’ அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்கு இறக்கிவைத்தது. வடிவமைப்பாளரின் உழைப்பில் பெரும்பங்கு அந்தப் படிப்பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே, கேட் மென்பொருள் மேகக் கணினிக்கு, அதாவது அலுவலக மேசையை விட்டுத் தொலைவிலுள்ள தரவு மையத்தின் சர்வர்களுக்கு, இடம்பெயர்ந்ததன் நன்மை தீமைகளை எடைபோடுகையில், சந்தா எவ்வளவு, இணைய வேகம் போதுமா என்னும் வழக்கமான கேள்விகளுக்கு முன்பாக, அந்தப் பட்டியல் இப்போது யாருடைய காவலில் இருக்கிறது என்று கேட்பதே முறை.

காவல் மாறியதற்குத் தக்க காரணம் இருந்தது. கோப்பு என்ற ஒன்று இருக்கும்வரை அதற்கு நகல்களும் இருக்கும். மூன்று பேர் சேர்ந்து ஒரு பம்பை வடிவமைக்கும் அலுவலகத்தில் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி திருத்தியது’ என்ற பெயர்களில் ஒரே உதிரிபாகம் மூன்று கணினிகளில் கிடப்பதும், பட்டறைக்குப் போனது அவற்றுள் பழையது என்பது வார்ப்பு வந்து இறங்கிய பிறகே தெரியவருவதும் இத்தொழிலில் இருப்போர் எவருக்கும் புதிதல்ல. போதாக்குறைக்கு, புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு பொதுவாகத் திறக்காது.

இந்தக் கோளாறு எவ்வளவு பெரிதாக வளர முடியும் என்பதற்கு ஏர்பஸ் ஏ380 விமானம் சாட்சி. அதன் வடிவமைப்பில் பிரான்சு, பிரிட்டன் பிரிவுகள் ‘கேட்டியா’ மென்பொருளின் 5ஆம் பதிப்பையும், ஜெர்மனி, ஸ்பெயின் பிரிவுகள் 4ஆம் பதிப்பையும் பயன்படுத்தின. ஒரு விமானத்துக்கு ஏறத்தாழ 530 கிலோமீட்டர் மின்கம்பி. ஹாம்பர்க்கில் தயாரான கம்பிக்கட்டுகளைத் துலூஸ் நகரத்து இணைப்புக்கூடத்தில் விமான உடலுக்குள் இழுத்துப் பொருத்த முயன்றபோது, பல இடங்களில் நீளம் எட்டவில்லை. கம்பி வளைந்து செல்லும் பாதையை இரு பதிப்புகளும் ஒன்றுபோல் கணக்கிடாததும், ஒருவர் செய்த மாற்றம் மற்றவரின் வரைபடத்துக்கு ஒழுங்காக வந்து சேராததும் இதற்கு முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன. 2006இல் அடுத்தடுத்துத் தாமதங்கள் அறிவிக்கப்பட்டு, தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் பதவி விலகி, இழப்பு பல நூறு கோடி யூரோவாக ஏறிய பின், முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. நான்கு நாட்டுக் கூட்டமைப்பின் உள்அரசியலை எந்த மென்பொருளும் தீர்த்திருக்காது என்பது உண்மையே. எனினும், எல்லாரும் ஒரே பதிப்பில் ஒரே மூலத்தைப் பார்த்து வேலை செய்யும் ஏற்பாடு எத்தனை மதிப்புள்ளது என்பதை அந்தக் கம்பிகளின் நீளம் காட்டிவிட்டது.

அத்தகைய ஏற்பாட்டை முழுமையாக நடைமுறைப்படுத்த முயன்றது ‘ஆன்ஷேப்’. சாலிட்ஒர்க்ஸை நிறுவிய ஜான் ஹிர்ஷ்டிக், அதைப் பிரெஞ்சு நிறுவனமான டசோ சிஸ்டம்ஸிடம் 1997இல் விற்றபின், தன் பழைய கூட்டாளிகள் சிலரோடு 2012இல் தொடங்கிய நிறுவனம் இது. 2015 மார்ச்சில் பொதுமக்களின் சோதனைக்கு வந்தது. 2019இல் இதை ஏறத்தாழ 47 கோடி டாலருக்கு வாங்கியது வேறு யாருமல்ல, புரோ/எஞ்சினியரைத் தந்த அதே பி.டி.சி.தான். ஆன்ஷேப்பில் கோப்பே இல்லை. ‘சேமி’ என்ற பொத்தானும் இல்லை. ஒருவர் ஒரு துளையை இட்டால், ‘இன்னார், இந்நேரத்தில், இத்துளையை இட்டார்’ என்னும் குறிப்பு சர்வரிலுள்ள தரவுத்தளத்தில் ஒரு வரியாக ஏறுகிறது. அதே உதிரிபாகத்தை அதே வேளையில் திறந்து வைத்திருக்கும் மற்றொருவரின் திரையிலும் அத்துளை உடனே தோன்றும். மென்பொருள் எழுதுவோர் நெடுநாளாகச் செய்வதுபோல, மூலத்தைக் கலைக்காமல் ஒரு கிளையைப் பிரித்து வேறொரு யோசனையைச் சோதித்துப் பார்த்து, தேறினால் மூலத்தோடு இணைப்பதும், தேறாவிட்டால் அப்படியே விட்டுவிடுவதும் இயலும். முந்தைய தலைமுறை மென்பொருளில் இதைச் செய்யத் தனியாக ஒரு தரவு மேலாண்மை அமைப்பும், அதைப் பராமரிக்க ஓர் ஆளும், ஒருவர் எடுத்த கோப்பை அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர் தொட முடியாத பூட்டும் தேவைப்பட்டன. மேகக் கணினியின் மெய்யான சாதனை இதுதான்; மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தவையே.

விலையுயர்ந்த கணினி தேவையில்லை என்று விளம்பரங்கள் சொல்வதில் முக்கால்வாசி உண்மை உண்டு. ஆன்ஷேப் போன்ற, உலாவியிலேயே இயங்கும் மென்பொருளில், பரப்புகளையும் வெட்டுகளையும் கணக்கிடும் வடிவக்கணித உட்கரு சர்வரில் ஓடுகிறது. விடையாகக் கிடைத்த வடிவம் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டு உலாவிக்கு அனுப்பப்படுகிறது. 2011இல் வந்த ‘வெப்ஜிஎல்’ என்ற தரநிலையின் துணையால் அந்த முக்கோணங்களைக் கணினியின் சொந்த வரைகலைச் சில்லு திரையில் தீட்டுகிறது. ஆகையால் பொருளைத் திருப்பிப் பார்க்கவும் பெரிதாக்கிப் பார்க்கவும் இணையத்தின் தயவு வேண்டியதில்லை. ஓர் அளவை மாற்றும்போதுதான் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பதாகக் கொண்டால், சென்னையிலிருந்து போய்வர 26,000 கிலோமீட்டருக்கு மேலாகும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், இடையில் ஒரு தடங்கலும் இல்லாவிட்டாலும் நொடியின் எட்டில் ஒரு பங்கு பயணத்துக்கே போய்விடும். ஒருமுறைக்கு இது பொருட்டல்ல. நாளொன்றுக்குப் பல நூறு முறை அளவுகளை மாற்றுபவரின் கைக்கு அது தெரியும். பல்லாயிரம் உதிரிபாகங்கள் கொண்ட முழு இயந்திரத்தை உலாவியில் திறக்கும்போது முக்கோணங்களின் பாரம் கணினியின் நினைவகத்தையே அழுத்துவதால், ‘எந்தக் கணினியானாலும் போதும்’ என்ற வாக்கு அங்கே பிசகுகிறது. இணையம் அறுந்தால் வேலை நின்றுவிடும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ‘ஃபியூஷன்’ இதற்கு ஓர் இடைவழியை வைத்திருக்கிறது: மென்பொருள் கணினியிலும் தரவு மேகத்திலும் இருக்கும், இணையமின்றியும் சில நாள்கள் வேலை செய்யலாம், பிறகு ஒருமுறை இணைத்துக் கணக்கை உறுதிப்படுத்த வேண்டும்.

அதே ஃபியூஷனில் 2020இல் நிகழ்ந்தது, காவல் பற்றிய கேள்வியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சொந்த உபயோகத்துக்கு இலவசம் என்ற சலுகையை நம்பிப் பொழுதுபோக்காகப் பொருள் செய்வோரும் முப்பரிமாண அச்சுக்காரர்களும் பெருந்திரளாக அதில் சேர்ந்திருந்த நிலையில், அந்தச் சலுகை குறுக்கப்படும் என்று செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ஆவணங்கள் 10 மட்டுமே. சி.என்.சி. இயந்திரத்தின் வெட்டுளி ஓர் இடத்தில் வெட்டி முடித்து அடுத்த இடத்துக்கு வெறுங்காற்றில் தாவும் விரைவு நகர்வுகூட இலவசக் கணக்கில் கிடையாது. உளி வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து போக வேண்டியதுதான். எல்லாவற்றிலும் அதிகக் கோபத்தைக் கிளப்பியது, ‘ஸ்டெப்’ வடிவில் வெளியே எடுக்கும் வசதி நீக்கப்படும் என்ற வரி. ஸ்டெப் என்பது ஐ.எஸ்.ஓ. 10303 என்ற எண் கொண்ட பன்னாட்டுத் தரநிலை. எந்த நிறுவனத்தின் கேட் மென்பொருளும் மற்றொன்றுக்கு வடிவத்தைக் கைமாற்றப் பயன்படுத்தும் பொதுமொழி. எதிர்ப்பு பலமாக எழுந்ததால் சில நாள்களிலேயே அந்த ஒரு நீக்கம் மட்டும் கைவிடப்பட்டது. இலவசமாகக் கொடுத்ததைத் திரும்பப் பெற நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பதில் தகராறு இல்லை. ஆனால், நேற்று மாலை வரை திறந்திருந்த வாசலை இன்று காலை மூடும் ஆற்றல் தொலைவில் இருக்கும் ஒருவரிடம் இருக்கிறது என்பதும், பயனரின் கணினியில் அதற்காக எவரும் எதையும் தொட வேண்டியதில்லை என்பதும் அன்று எல்லாருக்கும் விளங்கிற்று.

வட்டில் வாங்கிய மென்பொருளுக்கு இந்த அச்சம் இல்லை. கணினி ஓடும்வரை அதுவும் ஓடும். ஆட்டோடெஸ்க் தன் நிரந்தர உரிமங்களின் விற்பனையை 2016இல் நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. அதே நிறுவனம் 2022 மார்ச்சில், உக்ரைன் போரை அடுத்து ரஷ்யாவில் தன் வணிகத்தை இடைநிறுத்தியது. அந்த முடிவின் நியாயம் வேறு விவாதம். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை மாறும்போது மற்றொரு நாட்டின் வடிவமைப்பு அலுவலகத்தில் கணக்கு புதுப்பிக்கப்படாமல் போகக்கூடும் என்ற சாத்தியம், வாங்குவோரின் கணக்கில் இனிமேல் இடம்பெற்றாக வேண்டும். இதனோடு ஒப்பிட்டால் ரகசியம் கசிந்துவிடும் என்ற அச்சம் சற்று மிகைப்பட்டது: பெரிய தரவு மையத்தின் பூட்டு, பட்டறை மேசைக்கடியில் இருக்கும் கணினியின் பூட்டைவிட வலியது. ஆனால் ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் வரைபவை அனைத்தும் எவரும் பார்த்துப் படியெடுக்கக்கூடிய பொது ஆவணங்கள் என்பதைக் கவனிக்காமல், வாடிக்கையாளரின் பொருளை அதில் வரைந்து வைப்பவருக்கு எந்தப் பூட்டும் உதவாது.

ஸ்டெப் வாசல் திறந்தே இருக்கட்டும். அதன் வழியே வெளியேறுவது எது? கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ வெளியாரின் ஆர்டரை எடுத்து உதிரிபாகம் கடைந்து தரும் பட்டறைக்கு வடிவம் போதும். ஸ்டெப் கோப்பும் அளவுகள் குறித்த ஒரு வரைபடமும் வந்தால் வேலை நடந்துவிடும். அப்படிப்பட்ட பட்டறைக்கு, ஒரு மாதம் வேலை வந்தால் அந்த மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டும் ஏற்பாடு லாபகரமானதுங்கூட. சொந்தமாகப் பொருளை வடிவமைத்து ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டே போகும் நிறுவனத்தின் நிலை வேறு. பொதுவழக்கில் உள்ள ஸ்டெப் கோப்பு தகட்டின் பரப்புகளையும் விளிம்புகளையும் துல்லியமாகச் சுமந்து செல்லும், படிப்பட்டியலைச் சுமக்காது. ஃபியூஷன் தன் சொந்த வடிவில் பட்டியலோடு சேர்த்து ஒரு கோப்பைத் தரத்தான் செய்கிறது. அதை மீண்டும் பட்டியலாகத் திறக்க ஃபியூஷனே வேண்டும். பழைய மென்பொருள்களும் இதில் யோக்கியமானவை அல்ல. அவற்றின் பட்டியலும் தத்தம் மொழியில் பூட்டப்பட்டதே. வேறுபாடு என்னவென்றால், அங்கே பூட்டும் சாவியும் வாங்கியவரின் அறையிலேயே இருந்தன.

விமானத் தொழில் இதை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. ஒரு விமான வகை 40, 50 ஆண்டுகள் பறக்கும். அதை வரைந்த மென்பொருள் அவ்வளவு காலம் இராது. எனவே முப்பரிமாண வரைபடங்களை நெடுங்காலம் காப்பதற்கென அத்துறை நிறுவனங்கள் கூடி ‘லோட்டார்’ என்ற திட்டத்தில் வகுத்த நெறிகள், நிறுவனத்தின் சொந்த வடிவத்தை நம்பாமல் ஸ்டெப்பையே அடிப்படையாகக் கொள்கின்றன. வடிவம் சிதையாமல் இருக்கிறதா என்று கன அளவையும் பரப்பளவையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் சொல்கின்றன. வடிவம் பிழைத்தால் போதும், வரலாறு போனால் போகட்டும் என்ற சமரசம் இதில் அடங்கியிருக்கிறது.

அந்தச் சமரசத்தின் விலையை முன்பு பார்த்த தகட்டிலேயே காணலாம். சந்தா நின்றுபோன நிறுவனம் ஒன்று, கையிலுள்ள ஸ்டெப் கோப்பை, எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ‘ஃபிரீகேட்’ போன்ற மென்பொருளில் சில ஆண்டுகள் கழித்துத் திறக்கிறது என்று கொள்வோம். தகடு அப்படியே இருக்கும்: 120 நீளம், 6 தடிமன், நான்கு துளைகள். திரையின் ஓரத்தில் ஐந்து படிகளுக்குப் பதிலாக ஒரே ஒரு வரி நிற்கும். துளை விளிம்பிலிருந்து 12 மில்லிமீட்டரில் இருக்கிறது என்பதை அளந்து அறியலாம். மோட்டார் சற்றுப் பெரிதாகி நீளம் 140 ஆக வேண்டி வந்தால், மாறாமல் இருக்க வேண்டியது விளிம்பிலிருந்து உள்ள அந்த 12ஆ, அல்லது துளைக்கும் துளைக்கும் இடையிலுள்ள 96ஆ என்பதைக் கோப்பு சொல்லாது. வரைந்தவர் இன்னும் வேலையில் இருந்தால் அவரைக் கேட்கலாம்.