பெட்டியில் 9,000 லூமன், சுவரில் எவ்வளவு?

மார்ச் 31 நெருங்குகிறது. சாமல்பட்டி, ஊத்தங்கரை, பர்கூர், ஓசூர் என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் புரொஜெக்டர் வாங்கி பில் வைத்தாக வேண்டும். மூன்று கொட்டேஷன் கையில் இருக்கிறது. ஒன்றில் 3,300 லூமன், அடுத்ததில் 4,000, மூன்றாவதில் 9,000. ஆனால் விலை மிகவும் குறைவாக இருப்பதோ அந்த 9,000 லூமன்காரருடையது. எதை எடுப்பது?

எழுதுபவர்களில் பாதிப்பேர் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருப்பவர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 101 முதல் 250 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், 1,000 பேர் வரை 75,000. சுண்ணாம்பு, கழிப்பறைச் சுத்தம், இணையக் கட்டணம், உடைந்த சாமான்களுக்கு மாற்று என எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். மற்றவர்கள், ஓசூர் தொழிற்சாலைகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணத்தைப் பள்ளிக்குக் கொண்டுவர ஓடுபவர்களும், பட்டறையில் புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர்களும். கம்பெனிக் கணக்கும் அதே தேதியில்தான் முடிகிறது. அவசரத்தில் போடும் ஒரு கையெழுத்து ஐந்தாறு ஆண்டுக்கு அந்தச் சுவரைத் தீர்மானித்துவிடும். அதனால்தான் இந்த லூமன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லூமன் என்பது ஒரு விளக்கு மொத்தமாக வெளியே அனுப்பும் வெளிச்சத்தின் அளவு. எந்த இடத்தில் அளந்தது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. மலிவுப் பெட்டிகளில் 'எல்இடி லூமன்', 'லைட் சோர்ஸ் லூமன்' என்று அச்சிட்டிருப்பது, பெட்டிக்குள் எரியும் விளக்கின் வெளிச்சத்தை. அது எல்சிடி தகட்டையும் லென்ஸையும் தாண்டுவதற்குள் பெரும்பகுதி சூடாக மாறி உள்ளேயே தங்கிவிடுகிறது. சில பெட்டிகளில் இந்தக் கணக்குகூட இல்லை, வெறும் எண்தான். எப்சன் நிறுவனம் அமெரிக்காவில் இப்படிப் பொய் லூமன் போட்டு விற்றதாகச் சில நிறுவனங்கள் மீது வழக்கே தொடர்ந்தது. போட்டியாளர் தொடுத்த வழக்கு என்பதை மனதில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி: லென்ஸுக்கு வெளியே எவ்வளவு?

அதற்குப் பதில் சொல்லும் முறை 1990களிலேயே வந்துவிட்டது. 'ஆன்சி லூமன்' என்பது அதுதான். அழகான முறை, நீங்களே செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டரில் எதுவும் எழுதாத வெள்ளை ஸ்லைடு ஒன்றைத் திறந்து திரை முழுக்க விழவையுங்கள். விழும் படத்தை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி. ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் செயலியைத் திறந்து, போனின் முதுகைச் சுவரோடு ஒட்டி, முகம் புரொஜெக்டரைப் பார்க்கும்படி ஒன்பது புள்ளியிலும் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனின் சென்சார் மேல் விளிம்பில், முன் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும். புள்ளிக்கு நேராக வரவேண்டியது அந்த இடம். உங்கள் தலையின் நிழலோ விரலின் நிழலோ அதில் விழக்கூடாது. பிறகு லென்ஸை மூடிவிட்டு, அறை வெளிச்சம் மட்டும் இருக்கும்போது அதே ஒன்பது புள்ளியை மறுபடி அளந்து முதல் எண்களிலிருந்து கழியுங்கள். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்; அதனால் மிஞ்சியதன் சராசரியைப் படத்தின் பரப்பால், அதாவது சதுர மீட்டரால் பெருக்கினால் லூமன் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 2 மீட்டர் அகலமுள்ள படத்தின் உயரம் 1.125 மீட்டர், பரப்பு 2.25 சதுர மீட்டர். சராசரி 150 லக்ஸ் வந்தால் அந்தப் புரொஜெக்டர் தருவது ஏறத்தாழ 340 லூமன். பெட்டி 9,000 என்று சொன்னாலும் சுவர் சொல்வது 340. போன் சென்சார் ஆய்வுக்கூடக் கருவி இல்லை; நூற்றுக்கு இருபது, முப்பது தப்பலாம். 9,000-க்கும் 340-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது தாராளமாகப் போதும்.

நேர்மையான பெட்டி என்று நாம் நம்புவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இப்போது புழக்கத்தில் உள்ள ஐஎஸ்ஓ 21118 தரத்தின்படி, பெட்டியில் போடுவது அந்த மாடலின் சராசரி. கையில் கிடைக்கும் தனிக்கருவி அதில் 80 சதவீதம் தந்தாலே தேறிவிடும். 3,600 என்று எழுதிய கருவி 2,880 தந்தாலும் விதிமீறல் இல்லை. அந்த எண் பெரும்பாலும் 'பிரைட்', 'டைனமிக்' மாதிரியான முறைகளில் எடுத்தது; அதில் படம் பச்சையடிக்கும், யாரும் அதில் பாடம் நடத்துவதில்லை. நிறம் சரியாக இருக்கும் முறைக்கு மாற்றினால் இன்னொரு பங்கு போய்விடும். விளக்கின் ஆயுள் 5,000 மணி நேரம், லேசர் என்றால் 20,000 மணி நேரம் என்று விளம்பரம் சொல்வதும் வெளிச்சம் பாதியாகக் குறையும் வரைக்குமான கணக்கு. அதாவது அந்த ஆண்டுகளின் கடைசிப் பகுதியைப் பிள்ளைகள் மங்கிய படத்தோடுதான் கழிக்கப்போகிறார்கள்.

சரி, லூமன் உண்மையானதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகும் வகுப்பறையில் எழுத்து தெரியவில்லை என்ற புகார் வருகிறது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இங்கேதான். புரொஜெக்டரால் வெள்ளை அடிக்க முடியும், சிவப்பு அடிக்க முடியும், கறுப்பு அடிக்க முடியாது. இருட்டைப் பாய்ச்சும் விளக்கு உலகத்தில் இல்லை. திரையில் கறுப்பாகத் தெரிய வேண்டிய எழுத்து, புரொஜெக்டர் ஒளி எதுவும் அனுப்பாமல் விட்ட இடம். அந்த இடத்தில் சுவர் எந்த நிறத்தில் இருக்குமோ அதுதான் உங்கள் கறுப்பு. ஜன்னல் வழியாக 200 லக்ஸ் வெளிச்சம் சுவரில் விழுகிறது என்றால் கறுப்பின் அளவு 200.

கணக்கைத் தொடர்வோம். உண்மையாகவே 3,300 லூமன் தரும் கருவி, 2 மீட்டர் அகலப் படத்தில் ஏறத்தாழ 1,470 லக்ஸ் போடும். அறையின் 200-ஐச் சேர்த்தால் வெள்ளை 1,670, கறுப்பு 200. எட்டுக்கு ஒன்று என்ற விகிதம். ஒலி-ஒளித் துறையினர் 2011-ல் வகுத்த அமெரிக்கத் தரம், சும்மா பார்த்துக் கேட்கும் கூட்டத்துக்கு 7:1 போதும் என்கிறது; எழுத்தைப் படித்து, படத்தைப் புரிந்து முடிவெடுக்க 15:1 வேண்டும் என்கிறது. வகுப்பறை எந்த வகை என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறை 2023-ல் கொண்டுவந்த மணற்கேணி செயலியில் ஒரு பூவின் படத்தைத் திறந்தால், சூலகம், மகரந்தம் என்று சுட்டும் கோடுகளும் சின்ன எழுத்துகளும் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர வேண்டும்.

படம் பெரிதாக இருக்கட்டும் என்று புரொஜெக்டரைப் பின்னால் தள்ளி அகலத்தை 3 மீட்டர் ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்காகி, அதே கருவி 4:1-க்கு இறங்கிவிடும். மலிவு விலை 340 லூமன் கருவியோ, 2 மீட்டரிலேயே ஒன்றே முக்காலுக்கு ஒன்று. சுவரில் ஏதோ நிழலாடுகிறது என்பது மட்டும் தெரியும்.

இப்போது 3,300 லூமன் கருவியைத் தொடாமல், சுவரில் விழும் அறை வெளிச்சத்தை மட்டும் 200-லிருந்து 100 லக்ஸுக்குக் குறையுங்கள். வெள்ளை 1,570, கறுப்பு 100. விகிதம் 15:1-ஐத் தாண்டிவிட்டது. அறை 200 லக்ஸிலேயே இருக்க, கருவியை வைத்தே இதைச் சாதிக்க வேண்டுமானால் 6,000 லூமனுக்கு மேல் தேவை. அதன் விலை மானியத்தையே விழுங்கிவிடும். அறை வெளிச்சத்தைக் குறைக்கத் தேவை இரண்டே: ஜன்னலுக்கு அடர்நிறக் கெட்டித் துணியில் திரைச்சீலை, திரைக்கு நேர் மேலே எரியும் டியூப்லைட்டுக்குத் தனி சுவிட்ச். உள்ளூர்த் தையல்காரரும் எலக்ட்ரீஷியனும் ஒரு நாளில் முடித்துத்தரும் வேலை. எந்தக் கொட்டேஷனிலும் இந்த இரண்டு வரிகளை நான் பார்த்ததில்லை. திறன்மிகு வகுப்பறை என்று அரசு எண்ணிக் காட்டுவது கருவிகளை. சுவரில் எழுத்து தெரிகிறதா என்ற கணக்கை யாரும் எடுப்பதில்லை. கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கைத் துணிக்கு ஒதுக்கச் சொல்லிக் குழுக் கூட்டத்தில் வாதாடுங்கள். தீர்மானத்தில் எழுத வையுங்கள்.

நிறத்திலும் ஒரு சங்கதி. டிஎல்பி வகைக் கருவிகள் பலவற்றில் சுழலும் வண்ணச் சக்கரத்தில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நிறமில்லாத ஒரு துண்டும் இருக்கும். அது வெள்ளையை மட்டும் தூக்கிக் காட்டும், லூமன் எண்ணும் கூடும், நிறங்கள் கூடாது. வாங்குமுன் வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்ற மஞ்சள் கட்டம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் கடுகு நிறத்துக்கு இறங்கினால், நிலவியல் வரைபடம் காட்ட அது உதவாது.

விலை பற்றி ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 30,000 ரூபாய் கருவி 38,400-லிருந்து 35,400 ஆகியிருக்க வேண்டும். பழைய கொட்டேஷனின் மொத்தத் தொகையை அப்படியே வைத்து பில் போட்டால், அந்த 3,000 கடைக்காரரின் விலையாக மாறியிருக்கிறது என்று பொருள். அடிப்படை விலையையும் வரியையும் தனித்தனியாகக் கேளுங்கள். திரைச்சீலைக்கு அந்தப் பணமே ஆகும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

'நோ சிக்னல்' என்றே வருகிறதே? புரொஜெக்டரை முதலில் ஆன் செய்து, கேபிளைச் செருகி, பிறகு லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானோடு 'பி' அழுத்தி 'டூப்ளிகேட்' கொடுங்கள்.

'1080பி சப்போர்ட்' என்று போட்டிருக்கிறதே? 'சப்போர்ட்' என்பது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு. 'நேட்டிவ்' எவ்வளவு என்று கேளுங்கள், பல மலிவுப் பெட்டிகளில் அது 800-க்கு 480தான்.

எவ்வளவு தூரத்தில் வைப்பது? பெட்டியில் உள்ள 'த்ரோ' எண்ணைப் பட அகலத்தால் பெருக்குங்கள், 1.5 என்றால் 2 மீட்டர் படத்துக்கு 3 மீட்டர்.

படம் கோணலாக விழுகிறது? கருவியை நேராக வையுங்கள். கீஸ்டோன் (மெனுவில் கோணலைத் திருத்தும் வசதி) கடைசி வழி, அது கூர்மையையும் வெளிச்சத்தையும் சேர்த்துத் தின்னும்.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை? லேப்டாப்பின் ஒலி அமைப்பில் வெளியீடு எங்கே போகிறது என்று பாருங்கள்.

புது லேப்டாப்பில் யுஎஸ்பி-சி மட்டுமே இருக்கிறது? எல்லா யுஎஸ்பி-சியும் படம் அனுப்பாது. கன்வெர்ட்டர் வாங்குமுன் உங்கள் மாடல் அனுப்புமா என்று உறுதிசெய்யுங்கள்.

ஓடிடி படம் போட்டால் திரை கறுப்பாகிறது? அது பதிப்புரிமைப் பூட்டு, கருவியில் பழுதில்லை.

விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் இனி ஆகாதா? 2025 அக்டோபர் 14-ல் பொது ஆதரவு முடிந்தாலும் புரொஜெக்டரோடு வேலை செய்யும். இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்துங்கள்.

பாடத்தின் நடுவில் கரண்ட் போனால்? லேம்ப் வகைக்குச் சிறிய யுபிஎஸ் வையுங்கள். விசிறி சுற்றிச் சூடு ஆறாமல் அணைவது லேம்ப்பின் ஆயுளைக் குறைக்கும்.

கல் குவாரிப் பக்கத்துப் பள்ளி, தூசி அதிகம்? ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். ஃபில்டரே இல்லாத மாடலானால், உள்ளே தூசி புகாத அமைப்பா என்று கேட்டு வாங்குங்கள்.

லேம்ப் வாங்கலாமா, லேசரா? ஐரோப்பிய ஒன்றியம் 2,000 லூமனுக்கு மேற்பட்ட புரொஜெக்டர்களின் பாதரச விளக்குகளுக்குத் தந்த விலக்கு 2027 பிப்ரவரி 24-ல் முடிகிறது. லேம்ப் வகை வாங்கினால் மாற்று லேம்ப் இன்னும் எத்தனை ஆண்டு கிடைக்கும், என்ன விலை என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மலிவாமே? போனோடு போய்க் கடையிலேயே ஒன்பது புள்ளியை அளந்து பாருங்கள். சர்வீஸ் சென்டர் ஓசூரிலா பெங்களூரிலா என்பதையும் கேளுங்கள்.

31-ஆம் தேதிக்குள் கருவி வந்து சேராவிட்டால்? அளந்து பார்க்காத கருவிக்கு 'நிறுவப்பட்டது' என்று கையெழுத்துப் போடாதீர்கள்.